பிரளயக் கதையின் மூலம் எது? நோவா, கில்காமெஷ், கருங்கடல்

நாணல் கேட்டது:

நோவாவின் பேழைக் கதையும் பழைய பாபிலோனியரின் கில்காமெஷ் காவியத்தில் 11ஆம் களிமண் பலகையும் ஏறத்தாழ ஒரே தடத்தில் போகின்றன. எச்சரிக்கை, படகின் அளவு, கீல் (தார் போன்ற பொருள்) பூச்சு, விலங்குகள், மலையில் தட்டுவது, பறவைகளை விட்டுப் பார்ப்பது, கடைசியில் பலி. இந்த வரிசை தற்செயலாக அமைந்திருக்க முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கு முந்தைய கட்டம்தான் குழப்புகிறது. ஊர் என்ற பழைய சுமேரிய நகரத்தில் வெள்ளப் படிவு கிடைத்துவிட்டது, விஷயம் முடிந்தது என்று ஒரு கட்டுரை சொல்கிறது. கருங்கடல் திடீரென நிரம்பியதுதான் காரணம் என்கிறது இன்னொன்று. பனியுகம் முடிந்து கடல் ஏறியதை மனிதர்கள் மறக்கவில்லை என்கிறது மூன்றாவது.

இவற்றில் எதற்கு உண்மையிலேயே ஆதாரம் இருக்கிறது? எபிரேயர்கள் பாபிலோனியரிடமிருந்து எடுத்தார்கள் என்றால் எந்தக் காலத்தில், எந்த வழியாக? படகின் அளவுகளுக்குப் பின்னால் ஏதாவது கணக்கு உண்டா, அல்லது வெறும் பெரிய எண்களா? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


களிமண்பலகை:

மண்ணைத் தோண்டும் முன் நூல்களைத் தோண்ட வேண்டும். எந்த வெள்ளம் என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் நோவா கதை உள்ள ஆதியாகமத்தையும் கில்காமெஷையும் மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். இரண்டுமே இந்தக் கதையின் பிற்கால வடிவங்கள்.

அசீரியத் தலைநகர் நினிவேயில் மன்னன் அசூர்பனிபாலின் நூலகத்தில் கிடைத்த கில்காமெஷ் பலகைகள் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் எழுதிய படிகள். அவற்றில் வெள்ளக் கதை இருப்பதை 1872 டிசம்பர் 3 அன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ஸ்மித் வாசித்துக் காட்டினார். விடுபட்ட வரிகளைத் தேடி வர மறு ஆண்டே ஒரு லண்டன் நாளிதழ் தன் செலவில் அவரை நினிவேக்கு அனுப்பியது. அங்கே ஒரு துண்டு கிடைத்தது. அதுதான் காணாமல் போன பகுதி என்று அவர் நம்பினார். பின்னால் பார்த்தபோது அது கில்காமெஷ் காவியத்தைச் சேர்ந்ததே அல்ல, அத்ராஹாசிஸ் என்ற வேறொரு காவியத்தின் துண்டு. ஸ்மித் ஏமாந்ததற்குக் காரணம் உண்டு: கில்காமெஷில் உள்ள வெள்ளப் பகுதியே அத்ராஹாசிஸிலிருந்து எடுத்து ஒட்டியது.

இதற்கான சான்று பலகைக்குள்ளேயே இருக்கிறது. 11ஆம் பலகையில் கதை சொல்பவனின் பெயர் உத்னபிஷ்திம். ஆனால் இரண்டு இடங்களில் அவன் பெயர் அத்ராஹாசிஸ் என்றே வருகிறது. தொகுத்தவர் பழைய பெயரை மாற்ற மறந்த இடங்கள் அவை. நமக்குக் கிடைத்துள்ள பழைய பாபிலோனியக் காலத்துக் கில்காமெஷ் பலகைகள் எதிலும் இந்த வெள்ளக் கதை சொல்லப்படவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆகவே முதலில் படிக்க வேண்டியது அத்ராஹாசிஸ். அதன் முக்கியமான படி மூன்று பலகைகளில் 1,245 வரிகள் கொண்டது. பாபிலோன் மன்னன் அம்மி-சதுக்கா காலத்தில், அதாவது கி.மு. 17ஆம் நூற்றாண்டில், இபிக்-ஆயா என்ற எழுத்தர் அதைப் படியெடுத்தார். இதில் வெள்ளம் ஒரு நீண்ட வழக்கின் கடைசிக் கட்டம். கால்வாய் வெட்டி அலுத்துப்போன சிறு தெய்வங்கள் வேலைநிறுத்தம் செய்கின்றன. அந்த வேலையைச் செய்வதற்காகக் களிமண்ணோடு ஒரு தெய்வத்தின் இரத்தத்தைக் குழைத்து மனிதனைப் படைக்கிறார்கள். மனிதர்கள் பெருகுகிறார்கள், அவர்கள் போடும் இரைச்சலில் தலைமைத் தெய்வமான என்லிலுக்குத் தூக்கம் கெடுகிறது. கொள்ளைநோய், வறட்சி, பஞ்சம் என்று ஒவ்வொன்றாக அனுப்பியும் பயனில்லாமல் போன பிறகே வெள்ளம். என்கி தெய்வம் நாணல் சுவரோடு பேசுவதுபோல் பேசி அத்ராஹாசிஸின் காதில் செய்தியைப் போடுகிறது. வெள்ளம் வடிந்த பின் ஒரு சமரசம்: இனிப் பிள்ளை பெறாத பெண்களும், குழந்தைகளைப் பறிக்கும் பேயும், பிள்ளை பெறக்கூடாத கோயில் பெண்களும் இருப்பார்கள். மக்கள்தொகைக்கு வரம்பு வைத்தாயிற்று.

கில்காமெஷில் இந்தக் காரணம் முழுக்க உதிர்ந்துவிட்டது. அங்கே கதை வேறொரு கேள்விக்குப் பதில்: ஒரு மனிதன் சாகாவரம் பெற்றது எப்படி? அதனால்தான் கில்காமெஷை மட்டும் படித்தால் தெய்வங்கள் ஏன் வெள்ளம் அனுப்பின என்பதே புரியாது.

சுமேரிய மொழியிலும் ஒரு வடிவம் உண்டு. நிப்பூரில் கிடைத்த ஒரே பலகை, 1914இல் வெளியானது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உடைந்து போய்விட்டது. அதில் நாயகன் சியூசுத்ரா, வெள்ளம் ஏழு பகல் ஏழு இரவு. மொழி சுமேரியம் என்பதாலேயே இதைக் கி.மு. 3000க்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. பலகையின் காலம் சுமார் கி.மு. 1600தான். அப்போது சுமேரியம் பள்ளிகளிலும் கோயில்களிலும் மட்டும் வாழ்ந்த மொழி.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது சுமேரிய மன்னர் பட்டியல். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள களிமண் பட்டகத்தில், வெள்ளத்துக்கு முன் 5 நகரங்களில் 8 மன்னர்கள் 2,41,200 ஆண்டுகள் ஆண்டார்கள், பிறகு வெள்ளம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது, மறுபடி அரசுரிமை வானிலிருந்து கீஷ் நகரில் இறங்கியது என்று வருகிறது. ஆனால் இதே பட்டியலின் பழைய படி ஒன்று, கி.மு. 21ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, நேராகக் கீஷிலிருந்தே தொடங்குகிறது. வெள்ளம் என்ற சொல்லே அதில் இல்லை. இரண்டு படிகளுக்கும் இடையில் எங்கோ வெள்ளம் காலத்தை முன், பின் என்று பிரிக்கும் கோடாக உள்ளே வந்திருக்கிறது. கதை அதற்கு முன்பே வாய்மொழியில் இருந்திருக்கலாம். ஆனால் எழுத்தில் அது அரியணை ஏறியது கி.மு. 2000க்குப் பிறகு.

எபிரேயருக்குப் போன வழி பற்றி. கி.மு. 586இல் எருசலேம் விழுந்து மக்கள் பாபிலோனுக்குச் சிறைபோன காலம்தான் என்று பலர் சொல்கிறார்கள். அங்கே அரண்மனைக் கல்வியில் ஆப்பெழுத்து (களிமண்ணில் ஆப்பு வடிவில் பதிக்கும் எழுத்து) நூல்களை அறிய வாய்ப்பு இருந்தது. ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே இந்த நூல்கள் மேற்கே வந்துவிட்டன. சிரியக் கடற்கரையில் உகாரித் நகரில் கி.மு. 13ஆம் நூற்றாண்டு அளவில் வெள்ளக் கதையின் ஒரு பலகை கிடைத்திருக்கிறது. இஸ்ரேலில் மெகித்தோவில் 14ஆம் நூற்றாண்டுக் கில்காமெஷ் துண்டு கிடைத்திருக்கிறது (வெள்ளப் பகுதி அல்ல). எனவே கதை தெரிந்த காலம் வேறு, இன்றைய வடிவில் எழுதிய காலம் வேறு என்று பிரித்து வைத்துக்கொள்வதே சரி.

"காப்பி அடித்தார்கள்" என்ற சொல் இங்கே பொருந்தாது. அத்ராஹாசிஸ் பிறப்பைக் கட்டுப்படுத்தி முடிகிறது. ஆதியாகமம் 9:1 அதே இடத்தில் பலுகிப் பெருகுங்கள் என்கிறது. பழைய கதையை நன்றாகத் தெரிந்துகொண்டு அதற்கு எழுதிய மறுப்பு அது.


வண்டல்:

மேலே சொன்னதோடு நிலத்தின் பக்கத்தையும் சேர்க்கிறேன்.

முதலில் ஊர் நகரக் குழி. லியோனார்ட் வூலி 1928-29இல் தோண்டியபோது 3 மீட்டருக்கும் மேல் தடிப்பான, பானைத் துண்டு எதுவும் கலக்காத வண்டல் வந்தது. அதற்குக் கீழேயும் மேலேயும் கிடைத்தவை உபைத் காலப் பானைகள். அதாவது எழுத்து பிறப்பதற்கு முந்தைய காலம். கீஷ் நகரிலும் வெள்ளப் படிவுகள் உண்டு. அவை பல, அவை அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. ஷுருப்பாக்கில், அதாவது கதை நாயகனின் சொந்த நகரில், எரிக் ஷ்மிட் 1931இல் கண்ட படிவு சுமார் கி.மு. 2900. ஒரே வெள்ளமாக இருந்தால் மூன்றும் ஒரே காலமாக இருக்க வேண்டும். இல்லை. ஊர் நகருக்குப் பக்கத்திலேயே இருந்த எரிது நகரில் அப்படியொரு படிவே கிடைக்கவில்லை.

ஏன் இப்படி என்று புரிய அந்த ஆறுகள் ஓடும் விதம் தெரிய வேண்டும். பாக்தாத் கடல்மட்டத்திலிருந்து சுமார் 34 மீட்டர் உயரம்தான், கடலோ 500 கிலோமீட்டருக்கும் அப்பால். சரிவு கிலோமீட்டருக்கு ஒரு சாண்கூட இல்லை. இவ்வளவு சோம்பலான சரிவில் ஆறு தன் வண்டலைத் தன் படுகையிலும் கரையிலும் போட்டுப் போட்டு, சுற்றியுள்ள வயலைவிட உயரத்தில் ஓடத் தொடங்கும். யூப்ரடீஸ் அப்படிப்பட்ட ஆறு. கரை ஓரிடத்தில் உடைந்தால் தண்ணீர் கீழே இறங்கிப் பரவும், மறுபடி ஆற்றுக்குத் திரும்ப வழி கிடையாது. வாரக்கணக்கில் தேங்கி நிற்கும். உடைப்பு வாய்க்கு நேரே உள்ள ஊரில் பெரும் படிவு விழும். பத்துக் கல் தள்ளி உள்ள ஊரில் ஒரு விரற்கடைகூட விழாது. சில சமயம் ஆறு அப்படியே தடம் மாறிவிடும், பழைய நகரம் நீரில்லாமல் சாகும். படிவின் தடிப்பை வைத்து வெள்ளத்தின் பரப்பைச் சொல்வது இங்கே பெரும் தவறு. வூலி செய்த தவறும் அதுதான்.

இன்னொன்று, காலம். நைல் நதி கோடை முடிவில் பெருகும், நீர் வடிந்ததும் விதைக்கலாம். டைகிரிஸும் யூப்ரடீஸும் டாரஸ், சாக்ரோஸ் மலைப் பனி உருகி ஏப்ரல், மே மாதங்களில் பெருகும். வாற்கோதுமை அறுவடைக்கு நிற்கும் நேரம். எகிப்தில் வெள்ளம் வரம், மெசபொத்தேமியாவில் அதே வெள்ளம் எதிரி. எகிப்தில் இந்த மாதிரி உலகையே மூழ்கடிக்கும் வெள்ளக் கதை வேரூன்றாததற்கு இது போதுமான விளக்கம் என்று நினைக்கிறேன்.

"உலகம் முழுவதும்" என்ற சொல்லுக்கும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. சமவெளியில் நிற்கும் ஒருவனின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் 4.5 கி.மீ. தூரம். 10 மீட்டர் மேட்டின் உச்சியில் ஏறினால் 12 கி.மீ.க்குச் சற்று மேல். தெற்கு ஈராக்கில் அந்த வட்டத்துக்குள் மலை என்று எதுவும் கிடையாது. நீர் அந்த வட்டத்தை மூடினால் பார்ப்பவனுக்கு உலகம் மூழ்கிவிட்டது. உண்மையான உலக வெள்ளம் நீர்க்கணக்கிலேயே அடிபடுகிறது. பூமியில் உள்ள எல்லா நீரும் சேர்த்து 139 கோடி கன கி.மீ. அளவில்தான். 5,137 மீட்டர் உயரமுள்ள இன்றைய அரராத் மலையை மூடவே அதற்குமேல் சுமார் 260 கோடி கன கி.மீ. வேண்டும். பூமியின் பனி முழுதும் உருகினாலும் கடல் 70 மீட்டர் அளவுக்குத்தான் ஏறும்.

கருங்கடல் வாதம் வில்லியம் ரயன், வால்டர் பிட்மன் இருவருடையது, 1997இல் வந்தது. கருங்கடல் ஒரு தாழ்ந்த நன்னீர் ஏரியாக இருந்தது, சுமார் 7,600 ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடல் பாஸ்பரஸ் நீரிணை வழியே உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது, கரையோர மக்கள் ஓடிச் சிதறினார்கள் என்பது சாரம். பழைய கரையோரம் ஒன்றை ராபர்ட் பல்லார்ட் குழு துருக்கியின் சினோப் அருகே ஆழத்தில் கண்டது உண்மை. ஆனால் ஏரியின் மட்டம் எவ்வளவு தாழ்ந்திருந்தது என்பதில்தான் எல்லாம் தொங்குகிறது. தன்யூப் கழிமுகப் படிவை ஆராய்ந்து 2009இல் வெளியான முடிவின்படி மட்டம் இன்றையதைவிட 30 மீட்டர் அளவுக்குத்தான் கீழே இருந்தது. அப்போது வெளிக்கடலும் இன்றைய மட்டத்துக்குக் கீழேதான் இருந்தது, அப்படியானால் ஏற்றம் 5 முதல் 10 மீட்டர். மர்மரா கடல் பக்கம் ஆய்வு செய்தவர்களோ, நீர் கருங்கடலிலிருந்து வெளியே பாய்ந்துகொண்டிருந்ததற்கான அடையாளங்களைக் காட்டினார்கள். வெள்ளம் பெரிதென்றே வைத்துக்கொண்டாலும், அந்த நினைவு 3,500 ஆண்டுகள் எழுத்தில்லாமல் நடந்து சுமேருக்கு வர வேண்டும். வந்த கதையில் மழையும் ஆறும் இருக்கின்றன. ஏறிய நீர் வடிந்தும் விடுகிறது. கருங்கடலின் நீர் வடியவே இல்லை! இந்த ஒரு முரண்பாடு போதும் என்பது என் முடிவு.

பாரசீக வளைகுடா இதைவிடக் கவனிக்கத்தக்கது. பனியுக உச்சத்தில் கடல் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது, வளைகுடாவின் சராசரி ஆழம் 35 மீட்டர்தான். ஆகவே அது முழுக்க நிலம். பிறகு கடல் படிப்படியாக ஏறி, சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கரை ஊர் நகரத்தின் அருகே வந்து நின்றது. மக்கள் இடம்பெயர்ந்திருப்பார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் இதுவும் வடியாத நீர்தான், தலைமுறை தலைமுறையாக மெல்ல ஏறி வந்த நீர். ஏழு நாளில் வந்து போன வெள்ளத்துக்கு இதை மூலமாக்க முடியாது.


களிமண்பலகை:

வண்டல் சொன்னதில் ஒன்றை மட்டும் சற்றுத் திருத்துவேன். ஷுருப்பாக்கின் படிவை மற்றவற்றோடு சேர்த்து ஒதுக்கிவிடக் கூடாது. மன்னர் பட்டியலின் சில படிகளில் வெள்ளத்துக்கு முந்தைய கடைசி நகரம் அதுதான். உத்னபிஷ்திம் தன்னை ஷுருப்பாக்கின் உபர்-துதுவின் மகன் என்கிறான். ஆயிரம் ஆண்டு கழித்து எழுதியவர்கள் குறிப்பாக அந்த ஊரைத் தேர்ந்ததற்கு அங்கே உண்மையில் ஒரு பெரிய உடைப்பு நடந்தது காரணமாக இருக்கலாம். தொல்லியலாளர் மாக்ஸ் மல்லோவன் 1964இல் இதே திசையில்தான் வாதிட்டார். அந்த வெள்ளமே "அந்த" வெள்ளம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுதோறும் அச்சுறுத்திய பல வெள்ளங்கள் கதைக்கு உடல் கொடுத்தன, ஷுருப்பாக் அதற்கு ஒரு முகவரி கொடுத்தது.


வண்டல்:

அந்த அளவில் எனக்கு மறுப்பில்லை.


முழக்கோல்:

படகின் எண்களில் நிச்சயமாகக் கணக்கு இருக்கிறது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இர்விங் ஃபிங்கல் 2014இல் ஒரு சிறு பலகையை வெளியிட்டார். 60 வரிகள், சுமார் கி.மு. 1750. அதில் தெய்வம் படகின் வரைபடத்தையே சொல்கிறது: வட்டமாக வரை, நீளமும் அகலமும் சமமாக இருக்கட்டும். வட்டப் படகு என்றால் பரிசல்தான். ஈராக்கில் அதற்குக் குஃப்பா என்று பெயர், 20ஆம் நூற்றாண்டு வரை டைகிரிஸில் ஆளும் சரக்கும் ஏற்றியது. பலகையின் பரிசலுக்குப் பரப்பு 1 இக்கு, அதாவது 3,600 சதுர மீட்டர். விட்டம் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 68 மீட்டர். சுவர் உயரம் 1 நிந்தன், சுமார் 6 மீட்டர். உடம்பு முழுக்கப் பனைநார்க் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டித் தைத்தது. உள்ளே 10 நிந்தன் நீளமுள்ள 30 வளைவுச் சட்டங்கள், 3,600 முட்டுக்கால்கள். பிறகு உள்ளும் புறமும் ஒரு விரல் தடிப்புக்குக் கீல். கயிற்றின் அளவையும் பலகை தருகிறது. அதை நீளமாக்கினால் 500 கி.மீ.க்கு மேல் வருகிறது. இந்தப் பரப்பையும் இந்தக் கயிற்றுத் தடிப்பையும் வைத்து வடிவியல் போட்டால் விடை மிக நெருக்கமாகப் பொருந்துகிறது. பள்ளியில் கணக்குப் படித்த எழுத்தர் ஒருவர் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. கதை கேட்டவர்கள் பரிசல் கட்டத் தெரிந்த ஆற்றங்கரை மக்கள். அவர்களிடம் சும்மா ஒரு பெரிய எண்ணைச் சொல்லித் தப்ப முடியாது.

இனி உத்னபிஷ்திமின் படகு. பக்கத்துக்கு 120 முழம், உயரமும் 120 முழம், உள்ளே ஆறு தளம் போட்டு ஏழு அடுக்கு. அடிப்பரப்பு 120 × 120 = 14,400 சதுர முழம். அதுவும் சரியாக 1 இக்கு! வட்டம் சதுரமாகிவிட்டது, பரப்பு மாறவில்லை. "நீளமும் அகலமும் சமம்" என்ற வரி மட்டும் நின்று "வட்டம்" என்ற சொல் உதிர்ந்ததன் விளைவு என்று ஃபிங்கல் விளக்குகிறார், எனக்கு அது ஏற்புடையது. கனசதுரம் மிதப்பதற்கு மோசமான வடிவம். ஒரே சீரான அடர்த்தியுள்ள கனசதுரம் நீரின் அடர்த்தியில் 0.21 முதல் 0.79 பங்கு வரை இருந்தால் நேராக நிற்காது, சாய்ந்துவிடும். அடியில் பாரம் வைத்தால்தான் தாங்கும். கட்டத் தெரிந்தவர் கையிலிருந்து கதை எழுதத் தெரிந்தவர் கைக்குப் போனதை இதில் பார்க்கலாம்.

நோவாவின் பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம். அடிப்பரப்பு 15,000 சதுர முழம். 14,400க்கும் இதற்கும் வித்தியாசம் நூற்றுக்கு 4தான். வடிவம் நீள்பெட்டியானாலும் பழைய பரப்பின் நிழல் விடவில்லை. முழத்தை அரை மீட்டராகக் கொண்டால் 150 × 25 × 15 மீட்டர்.

கீல் பற்றி ஒரு வார்த்தை. ஆதியாகமம் 6:14இல் கீலுக்கு வரும் எபிரேயச் சொல் கோஃபெர். இந்தப் பொருளில் வேதாகமத்தில் வேறெங்கும் அது இல்லை. அக்காடியத்தில் அதே பொருளுக்குக் குப்ரு. யூப்ரடீஸ் கரையில் ஹித் என்ற ஊரில் தானாக ஊறும் நிலக்கீல் அது. பாலஸ்தீன மலைநாட்டில் எழுதிய கதைக்குள் பாபிலோனியப் படகுத் துறையின் சொல் எப்படி வந்தது என்று கேட்டாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். ஃபிங்கல் வெளியிட்ட பலகையை வைத்துக் கேரளத்தில் சிறிய அளவில் ஒரு பரிசல் கட்டி மிதக்கவிட்டார்கள். மிதந்தது, ஆனால் நீர் கசிந்தது, இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கிடைத்த கீல் தரமாக இல்லாததே காரணம் என்றார்கள். பலகை கீலுக்கு ஏன் அத்தனை வரிகள் ஒதுக்குகிறது என்பது அப்போது புரியும். இரண்டு வகைக் கீலைச் சேர்த்துக் காய்ச்சச் சொல்கிறது அது.

பேழைக்கும் சரி, பாபிலோனியப் படகுக்கும் சரி, பாய் கிடையாது. போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று இல்லாத படகு, மூழ்காமல் இருந்தால் போதும். அந்த வேலைக்குப் பரிசலைவிடப் பொருத்தமானது இல்லை.


நாணல்:

நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்துவிட்டது, நன்றி. இரண்டு துணைக் கேள்விகள். ஆதியாகமத்தில் இரண்டு கதைகள் பின்னிக் கிடக்கின்றன என்கிறார்களே, எபிரேயம் தெரியாமல் தமிழ் வேதாகமத்தை வைத்தே அதைப் பிரித்துப் பார்க்க முடியுமா? நம் கடல்கோள் மரபையும் மனுவின் மீன் கதையையும் இந்த வரிசையில் வைக்கலாமா?


ஈரிழை:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். முடியும், தமிழில் நன்றாகவே முடியும். பழைய மொழிபெயர்ப்பு, எபிரேயத்தில் கடவுளைக் குறிக்க "யாவே" வருமிடத்தில் கர்த்தர் என்றும் "எலோகிம்" வருமிடத்தில் தேவன் என்றும் பெரும்பாலும் பிசகாமல் போட்டிருக்கிறது. 6:5 முதல் 9:17 வரை படியெடுத்துக்கொண்டு, முதல் வாசிப்பில் இந்தப் பெயர்களை மட்டும் இரண்டு நிறத்தில் கோடிடுங்கள். இரண்டாம் வாசிப்பில் எண்களைக் குறியுங்கள்: சுத்தமான மிருகங்களில் ஏழேழு, மற்றவற்றில் ஒரு சோடி (7:2) ஒரு பக்கம், எல்லாவற்றிலும் ஒரு சோடி (6:19) மறுபக்கம். 40 நாள் மழை ஒரு பக்கம், 150 நாள் பெருக்கு மறுபக்கம். மூன்றாம் வாசிப்பில் நீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒன்றில் வெறும் மழை. மற்றதில் ஆழத்தின் ஊற்றுக்கண்கள் பிளந்து வானத்தின் மதகுகள் திறக்கின்றன, அதாவது படைப்பின் இரண்டாம் நாளில் பிரித்து வைத்த நீர் மறுபடி ஒன்று சேர்கிறது.

மூன்று குறிகளும் ஒரே இடங்களில் சேர்ந்து விழுவதைக் காண்பீர்கள். தேவன் இழையில் வருவன: 6:9-22, 7:6, 7:11, 7:13 முதல் 16இன் முன்பாதி, 7:18-21, 7:24, 8:1 முதல் 2இன் முன்பாதி, 8:3இன் பின்பாதி முதல் 5 வரை, 8:13இன் முன்பாதி, 8:14-19, 9:1-17. மிச்சம் கர்த்தர் இழை. ஒவ்வொன்றையும் தனியே எடுத்து எழுதிப் படித்தால் ஏறத்தாழ முழுக்கதையாக ஓடுகிறது. கர்த்தர் இழையில் மட்டும் பேழை கட்டச் சொல்லும் பகுதி இல்லை, தொகுத்தவர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்.

தையல் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் 7:16. தேவன் கட்டளையிட்டபடி உள்ளே போனார்கள், கர்த்தர் கதவை அடைத்தார். ஒரே வசனத்தில் இரண்டு பெயர்.

இடறும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். 7:7-9 பிரிக்கச் சிக்கலானது. கர்த்தர் இழை போலத் தொடங்கி, சுத்தமானவை, சுத்தமில்லாதவை என்றும் பேசி, "தேவன் கட்டளையிட்டபடியே" என்று முடிகிறது. அங்கே தொகுத்தவரின் கை இருக்கிறது, வலிந்து எந்தப் பக்கமும் தள்ள வேண்டாம். நாட்கணக்கும் அப்படித்தான். 2ஆம் மாதம் 17 முதல் 7ஆம் மாதம் 17 வரை ஐந்து மாதம், அது 150 நாள் என்றால் மாதத்துக்கு 30 நாள். ஆனால் வெள்ளம் முழுதும் 2ஆம் மாதம் 17 முதல் மறு ஆண்டு 2ஆம் மாதம் 27 வரை, ஒரு ஆண்டும் 11 நாளும். சந்திர ஆண்டின் 354 நாளோடு 11ஐக் கூட்டினால் 365, ஒரு முழு சூரிய ஆண்டு. இரண்டு நாட்காட்டிகள் ஒரே கதைக்குள் நிற்கின்றன. இதை ஒரே முறைக்குள் அடக்கப் பார்த்தால் கணக்கு உதைக்கும்.

முழு அதிகாரமும் 8:1ஐ மையமாக வைத்து ஏறி இறங்கும் ஒரே கட்டமைப்பு என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அந்த அமைப்பு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது கடைசியில் தொகுத்தவரின் திறமையைக் காட்டும், மூல இழைகள் இல்லை என்பதைக் காட்டாது.

பறவைகளையும் பலியின் நறுமணத்தை முகர்வதையும் எந்த இழையில் காண்கிறீர்கள் என்று கவனியுங்கள். இரண்டும் கர்த்தர் இழை. கில்காமெஷில் தெய்வங்கள் பலியின் மணத்தை முகர்ந்து ஈக்களைப் போல் மொய்க்கின்றன. படகின் அளவும் கீலும் தேவன் இழை. பாபிலோனியக் கதையின் துணுக்குகள் இரண்டு இழையிலும் பங்காகிக் கிடக்கின்றன. அப்படியானால் அந்தக் கதை ஒரே தடவையில் வந்து சேரவில்லை.


களிமண்பலகை:

கடல்கோளுக்கு வருகிறேன். எச்சரிக்கை உண்டா, படகு உண்டா, உயிர்வித்துகளைக் காப்பது உண்டா, மலை உண்டா, பறவை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். சிலப்பதிகாரம் சொல்வது பஃறுளியாற்றோடும் பல மலை அடுக்கோடும் குமரிக்கோட்டைக் கடல் கொண்டது என்று. களவியல் உரை சொல்வது சங்கம் இருந்த நகரங்களைக் கடல் கொண்டது என்று. நிலம் போனது, அரசன் வேறு நிலம் தேடினான். மனிதகுலம் அழியவில்லை, படகும் இல்லை. அது தனி மரபு, தனியாகவே ஆராய வேண்டியது. நோவாவோடு சேர்த்துக் கட்டினால் இரண்டுக்கும் அநியாயம்.

மனுவின் கதை வேறு. வேதகால நூலான சதபத பிராமணத்தில் மீன் எச்சரிக்கிறது, மனு படகு கட்டி மீனின் கொம்பில் கயிற்றைக் கட்டுகிறான், படகு வடமலையில் நிற்கிறது, அவன் பலியிடுகிறான். எச்சரிக்கை, படகு, மலை, பலி நான்கும் இருக்கின்றன. தெய்வத்தின் கோபமும் விலங்குகளும் பறவைகளும் இல்லை. மெசபொத்தேமியத் தொடர்பு இருக்கலாம் என்று சொல்லலாமே தவிர, சொல்லளவில் கோஃபெர், குப்ரு போன்ற தடயம் எதுவும் அங்கே இல்லை. வித்துகளும் முனிவர்களும் படகில் ஏறுவது பின்னால் வந்த நூல்களில். பாகவதத்தின் 8ஆம் ஸ்கந்தத்தில் நாயகன் திராவிட மன்னன் சத்தியவிரதன், மீன் கையில் வருவது கிருதமாலை ஆற்றில். வைகையைத்தான் அப்படிச் சொல்வதாகக் கொள்கிறார்கள். இதை வைத்துக் கதையே தென்னாட்டில் பிறந்தது என்று எழுதுகிறவர்கள், சதபதம் பாகவதத்துக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது என்பதை விட்டுவிடுகிறார்கள்.


நாணல்:

மலை பற்றி மட்டும் கடைசியாக ஒன்று. அரராத் மலையில் பேழையின் எச்சம் தேடுவதற்கு நூல்களில் ஏதாவது அடிப்படை உண்டா?


களிமண்பலகை:

இல்லை. ஆதியாகமம் 8:4 அரராத் "மலைகள்" என்று பன்மையில் சொல்கிறது. அசீரியர் உரார்த்து என்று எழுதிய நாடு அது, வான் ஏரியைச் சுற்றிய மலைநாடு முழுவதும். இன்று அரராத் என்று அழைக்கும் ஒற்றை எரிமலைக்கு அந்தப் பெயர் பின்னால் ஒட்டியது. கில்காமெஷில் படகு தட்டுவது நிமுஷ் மலையில். அதை ஈராக்கின் சுலைமானியா அருகே உள்ள பிர் ஓமர் குத்ரூன் என்று அடையாளம் சொல்கிறார்கள். குர்ஆன் 11:44 ஜூதி என்கிறது, சிரிய மொழிக் கிறிஸ்தவ மரபும் அந்தப் பக்கத்து மலைகளையே காட்டுகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதிய பாபிலோனியப் பூசாரி பெரோசஸ், படகின் மிச்சம் ஆர்மீனியாவின் மலைகளில் இருப்பதாகவும், மக்கள் அதன் கீலைச் சுரண்டித் தாயத்தாக வைத்துக்கொள்வதாகவும் எழுதினார். கதை வடக்கே போகப் போக, கேட்பவர்களுக்குத் தெரிந்த மிக உயரமான மலைக்குப் படகு இடம் மாறியிருக்கிறது.